மூளை, சுரப்பி செல்களில் கால்சியத்தை அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: மேடம், கணைய அசினார் செல்களில் (செரிமான நொதி சுரப்பவை) ஃப்யூரா-2 ஏஎம் (கால்சியத்தைக் காட்டும் ஒளிர் சாயம், செல்லுக்குள் நுழைய உதவும் எஸ்டர் வடிவில்) ஏற்றுகிறேன். 37 டிகிரியில் ஒரு மணி நேரம். சில செல்கள் புள்ளி புள்ளியாக ஒளிர்கின்றன, சிலவற்றில் சாயமே ஏறவில்லை.

பதில்: புள்ளிகளுக்குக் காரணம் அந்த 37 டிகிரியும் ஒரு மணி நேரமும்தான். சூட்டில் சாயம் உள்ளுறுப்புகளுக்குள் புகுந்து, அங்கேயே எஸ்டர் வெட்டுப்பட்டுச் சிக்கிக்கொள்கிறது. அறை வெப்பநிலையில் 30 நிமிடம் போதும்.

ஏறாததற்கு வேறு காரணம். 50 மைக்ரோகிராம் குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு திறக்காதீர்கள். ஈரம் இறங்கி எஸ்டர் சிதைந்துவிடும். குளிர் விட்டபின் 50 மைக்ரோலிட்டர் உலர்ந்த (ஈரமில்லாத) டிஎம்எஸ்ஓ கரைப்பான் விடுங்கள், 1 மில்லிமோலார் கிடைக்கும். அதில் 2 மைக்ரோலிட்டரை முதலில் 1 மைக்ரோலிட்டர் 20 சதவீத புளூரானிக்குடன் (சாயம் நீரில் கலக்க உதவும் சோப்பு போன்ற பொருள்) கலந்து, பிறகு 1 மில்லி பஃபரில் (பிஹெச் மாறாத உப்புக் கரைசல்) விட வேண்டும். நேரடியாகத் தண்ணீரில் விட்டால் சாயம் திரிந்து செல்லின் மேல் படியும். பஃபரில் சீரம் இருக்கக் கூடாது. சீரத்தின் எஸ்டரேஸ்கள் எஸ்டரை வெளியிலேயே வெட்டிவிடும், வெட்டுப்பட்ட சாயம் உள்ளே போகாது. ஏற்றியபின் இரண்டு முறை கழுவி இன்னும் 20 நிமிடம் காத்திருங்கள். அரைகுறையாக வெட்டுப்பட்ட சாயம் கால்சியத்துக்கு அசையாமல் ஒளிர்ந்து, 340, 380 நானோமீட்டர் ஒளிகளில் எடுக்கும் ஒளிர்வு விகிதத்தைக் கெடுக்கும்.

கேள்வி: சிக்னல் மங்கலாக இருக்கிறது. சாயத்தை 10 மைக்ரோமோலாராக உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். இன்று இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: சாயம் கால்சியத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை, பிடித்தும் வைக்கிறது. ஏஎம் வடிவம் உள்ளே போய் வெட்டுப்பட்டு வெளியேற முடியாமல் சேர்ந்துகொண்டே போகும். வெளியே சில மைக்ரோமோலார் என்றாலும் உள்ளே 100 மைக்ரோமோலாரை எட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேடி (சாயத்தில் பாதி கால்சியத்தோடு சேர்ந்திருக்கும் செறிவு) 224 நானோமோலார், ஓய்வு நிலைக் கால்சியம் 100 நானோமோலார் என்றால் 100 மைக்ரோமோலார் ஃப்யூராவின் பிணைப்பு விகிதம் (கட்டற்ற கால்சியம் ஒன்று கூடும்போது எத்தனை பிடிபடும் என்பது) சுமார் 213. மாட்டின் அட்ரினல் குரோமாஃபின் செல்லுக்கு இயல்பாக உள்ள விகிதம் சுமார் 40 (ஷோவும் நேஹரும் 1993-இல் அளந்தது). 41-ஐ (1+40) 254-ஆல் (1+40+213) வகுத்தால் 0.16. ஆக, சிறு ஏற்றத்தின் உச்சி ஆறில் ஒரு பங்காகச் சுருங்கும், இறங்கும் நேரம் ஆறு மடங்காக நீளும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு “இந்த செல்லில் பம்ப் மெதுவாக வேலை செய்கிறது” என்று எழுதினால் அது சாயத்தைப் பற்றிய முடிவு. மங்கலாக இருந்தால் லென்ஸ், ஃபில்டர், கேமராவின் எக்ஸ்போஷரைப் பாருங்கள்.

கேள்வி: கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடுமா?

பதில்: கூடாது. ரத்தத்தின் அயனிக் கால்சியத்தை 1.2 மில்லிமோலார் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பது பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும். நியூரானுக்குள் இருப்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பம்புகள் கட்டுப்படுத்துகின்றன. மாத்திரை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐபி3 (இனோசிட்டால் ட்ரிஸ்பாஸ்பேட், செல்லின் சேமிப்பிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடும் தூது மூலக்கூறு) முதலில் தெரிய வந்தது மூளையிலா, சுரப்பியிலா?

பதில்: சுரப்பியில். 1953-இல் ஹோக்கின் தம்பதியர் கணையத் துண்டுகளில் அசிடைல்கோலின் விட்டபோது பாஸ்போலிப்பிடில் (சவ்வுக் கொழுப்பு) பாஸ்பேட் சேருவது கூடியதைக் கண்டார்கள். கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெர்ரிட்ஜ் நீல ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துக்கொண்டார். செரட்டோனின் பட்டதும் நீர் சுரக்கும் எளிய குழாய் அது. 1982-இல் அவரும் டவுன்ஸ், ஹான்லியும், மூளைத் துண்டுகளிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் லித்தியம் ஒரே இடத்தில் கை வைப்பதைக் காட்டினார்கள்: இனோசிட்டால் பாஸ்பேட் உடைவது தடைபட்டுத் தேங்குகிறது. அடுத்த ஆண்டு ஸ்ட்ரெப், இர்வின், பெர்ரிட்ஜ், ஷுல்ட்ஸ் நால்வரும் சவ்வில் துளையிட்ட கணைய செல்களில் ஐபி3 விட்டு, மைட்டோகாண்ட்ரியா அல்லாத சேமிப்பிலிருந்து கால்சியம் கொட்டுவதை அளந்தார்கள். மூளைக்காரர்கள் அன்றாடம் கையாளும் ஐபி3 இந்தச் சுரப்பிகளின் கொடை. இதைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: சேமிப்பு வழிக் கால்சியம் நுழைவு (உள் சேமிப்பு காலியானதும் வெளியிலிருந்து கால்சியம் நுழைவது) பார்க்கிறேன். கால்சியம் இல்லாத பஃபர், சேமிப்பைக் காலியாக்க 1 மைக்ரோமோலார் தாப்சிகார்கின், பிறகு 2 மில்லிமோலார் கால்சியம். 5 மைக்ரோமோலார் கடோலினியம் விட்டும் நுழைவு அடைபடவில்லை.

பதில்: பஃபரில் பாஸ்பேட்டோ பைகார்பனேட்டோ இருந்தால் கடோலினியம் வீழ்படிவாகிவிடும். ஈஜிடிஏ (கால்சியத்தைப் பிடிக்கும் பொருள்) மிச்சமிருந்தால் அது கடோலினியத்தையும் பிடித்துக்கொள்ளும். ஹெப்பெஸ் பஃபருக்கு மாறுங்கள். ஈஜிடிஏ-வைக் கழுவியபின் கடோலினியம் விடுங்கள். கால்சியம் சேர்க்காமல் விட்டாலே கால்சியம் இல்லாத பஃபர் ஆகிவிடாது, கண்ணாடியும் தண்ணீரும் சில மைக்ரோமோலார் தரும். அதனால்தான் முதல் கட்டத்தில் 0.5 மில்லிமோலார் ஈஜிடிஏ. அது கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை விடுவதால் பிஹெச்-ஐ மறுபடி 7.4-க்குக் கொண்டுவாருங்கள். 2-ஏபிபி என்ற தடுப்பானை நம்பாதீர்கள்: 50 மைக்ரோமோலாரில் ஓராயையும் (இந்த நுழைவின் வாசல்) ஐபி3 ஏற்பியையும் சேர்த்தே தடுக்கும், 5-இல் ஓராயைத் தூண்டிவிடும்.

கேள்வி: கால்சியம் மாத்திரை, பால் இவை மூளைக்கு...

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: அஸ்ட்ரோசைட் (நியூரான்களுக்குத் துணையான மூளை செல்) கால்சியத்துக்கு வேலையே இல்லை. ஐபி3 ஏற்பி 2 இல்லாத எலிகளில் சைனாப்ஸ் (நியூரான்கள் சந்திக்கும் இடம்) வழக்கம்போல இயங்குகிறதே!

பதில்: அந்த எலிகளில் செல் உடலின் பெரிய அலைகள் போய்விடுகின்றன, உண்மை. ஆனால் 2015-இல் ஸ்ரீநிவாசன் குழு ஜிகேம்ப் (கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம்) கொண்டு பார்த்தபோது மெல்லிய கிளைகளில் சிக்னல் கணிசமாக எஞ்சியிருந்தது. சைனாப்ஸைத் தொட்டுக்கொண்டிருப்பவை அந்தக் கிளைகள்தான். செல் உடலை மட்டும் அளந்துவிட்டு “கால்சியமே இல்லை” என்பது பொருந்தாது.

கேள்வி: அப்படியானால் அஸ்ட்ரோசைட் குளூட்டமேட் (நியூரானைத் தூண்டும் வேதிப்பொருள்) விடுகிறது என்பது நிரூபணமாகிவிட்டதா? நீங்கள் ஒரு பக்கம் சாய்கிறீர்கள்.

பதில்: சாயவில்லை. 2018-இல் ஒரே இதழில் ஃபியாக்கோ, மெக்கார்த்தி எதிராகவும், சவ்ட்சூக், வோல்டெரா ஆதரவாகவும் எழுதினார்கள். வேதிக் கூண்டிலிட்ட ஐபி3-ஐ ஒளியால் விடுவித்து ஏற்றும் கால்சியம் இயல்பானதா என்ற முதல் தரப்பின் கேள்வி நியாயமானது. 2023-இல் வோல்டெரா தரப்பு, எல்லா அஸ்ட்ரோசைட்டுகளுக்கும் அல்ல, ஹிப்போகாம்பஸில் ஒரு சிறு வகைக்கு மட்டும் குளூட்டமேட்டை வெசிக்கிளில் (சிறு பையில்) அடைத்து விடும் கருவிகள் இருப்பதாகக் காட்டியது. அப்படியென்றால் கண்டவர், காணாதவர் இரு தரப்பின் முடிவுகளும் சேர்ந்தே நிற்க இடமிருக்கிறது. ஜிகேம்ப் புரதமும் சாயத்தைப் போலக் கால்சியத்தைப் பிடித்து வைப்பதுதான். அதிகமாக வெளிப்பட்ட செல்லின் அடக்கமான கால்சியத்தை இரு தரப்பும் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: கஃபீன் விட்டால் என் அசினார் செல்களில் கால்சியத்தின் அலைவு (மாறி மாறி ஏறி இறங்குவது) நிற்கிறது. நியூரானில் கால்சியம் ஏறும் என்று படித்தேனே?

பதில்: இரண்டும் சரி. நியூரானில் கஃபீன் ரையனோடின் ஏற்பியை (சேமிப்பின் இன்னொரு கால்சியம் வாசல்) திறக்கிறது. அசினார் செல்லின் அலைவு ஐபி3 ஏற்பியால் நடப்பது. 10 முதல் 20 மில்லிமோலார் கஃபீன் அதை அடைக்கிறது. அந்தச் செறிவில் கஃபீன் ஃப்யூராவின் ஒளிர்வையும் மாற்றும் என்பதால் செல் இல்லாத கரைசலில் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை செய்யுங்கள்.

கேள்வி: விகிதம் 1.2 என்று வருகிறது. எத்தனை நானோமோலார்?

பதில்: விகிதம் மட்டும் சொன்னால் யாராலும் சொல்ல முடியாது. 340-க்கும் 380-க்கும் விகிதம் எடுத்தபின், அதே மைக்ரோஸ்கோப்பில் அயனோமைசின் (சவ்வைத் தாண்டிக் கால்சியத்தைக் கடத்துவது) 5 மைக்ரோமோலாருடன் 10 மில்லிமோலார் ஈஜிடிஏ விட்டு ஆர்மின் (மிகக் குறைந்த விகிதம்), பிறகு கழுவி 10 மில்லிமோலார் கால்சியம் விட்டு ஆர்மேக்ஸ் (மிக உயர்ந்த விகிதம்) எடுங்கள். கேடி, பீட்டா, (ஆர் − ஆர்மின்)/(ஆர்மேக்ஸ் − ஆர்) மூன்றையும் பெருக்குங்கள். ஆர் என்பது நீங்கள் அளந்த விகிதம், பீட்டா என்பது 380-இல் கால்சியமற்ற, நிறைவுற்ற ஒளிர்வுகளின் விகிதம். பின்னணியை முதலிலேயே கழிக்காவிட்டால் இத்தனையும் வீண். விளக்கை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும்.

கேள்வி: சைனாப்ஸ் முனையில் ஃப்யூரா-2 சரிப்படுமா?

பதில்: சராசரிக்குச் சரிப்படும். கால்சியம் நுழையும் வாசல் பக்கம் சரிப்படாது. கணவாயின் ராட்சத சைனாப்ஸில் லினாஸ் குழு 1992-இல் 200 முதல் 300 மைக்ரோமோலார் கண்டது. அங்கே ஃப்யூரா-2 உடனே நிறைந்துவிடும். கால்சியத்தின் மேல் குறைந்த நாட்டமுள்ள சாயம் எடுங்கள், அதையும் குறைவாக.

கேள்வி: பாராதைராய்டு செல்லில் கால்சியம் ஏறினால் சுரப்பு குறைகிறதாமே, தவறா?

பதில்: தவறில்லை. மற்ற பெரும்பாலான சுரப்பிகளுக்கு நேர்மாறு. அதன் கால்சியம் உணரும் ஏற்பி 1993-இல் மாட்டின் பாராதைராய்டிலிருந்து குளோன் செய்யப்பட்டது. வெளிக்கால்சியத்தை 0.5-இலிருந்து 2 மில்லிமோலாருக்குப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள், உள்ளே ஏற்றமும் வெளியே ஹார்மோன் குறைவும் தெரியும். சாயம் 1 மைக்ரோமோலாருக்கு மேல் வேண்டாம்.