முட்டி வலி உள்ள உயரமானவர் திருச்சி–சிங்கப்பூர் விமானத்தில் எந்த சீட்டில் உட்காருவது நல்லது?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து 68 வயது அப்பாவைத் திருச்சி வழியாக சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகிறோம். நல்ல உயரம், வலது முட்டி தேய்மானம், சுகரும் உண்டு. எகானமியில் கால் நீட்டவே முடியாது என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு இஞ்ச் டேப்பை எடுங்கள். அப்பாவை ஸ்டூலில், முதுகும் இடுப்பும் சுவரை ஒட்டும்படி உட்கார வையுங்கள். சுவரிலிருந்து முட்டிச் சில்லின் முன்பக்கம் வரை அளந்து பாருங்கள். விமானத்தில் அந்த அளவுதான் கணக்கு, ஆள் உயரம் இல்லை. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில், உடம்பு நீளமானவர் சௌகரியமாக உட்கார்ந்திருப்பார், தொடை நீளமானவருக்கு முட்டி இடிக்கும்.

கம்பெனிக்காரர்கள் ‘பிட்ச்’ என்று சொல்வது, உங்கள் சீட்டில் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டில் அதே புள்ளி வரையான தூரம். பட்ஜெட் விமானங்களில் 28, 29 இஞ்ச். மற்றவற்றில் 30 முதல் 32 வரை. சீட் முதுகின் தடிமனும் இதில் சேர்த்தி. மெல்லிய புது ரக சீட்டாக இருந்தாலும் இரண்டு மூன்று இஞ்ச் கழியும். ஆக 28 இஞ்ச் பிட்சில் கையில் மிஞ்சுவது 25, 26. அப்பாவின் அளவு 24-க்குள் வந்தால் சாதாரண சீட்டே போதும். 25-ஐத் தாண்டினால் கூடுதல் இடமுள்ள சீட்டுக்குக் காசு கட்டிவிடுங்கள். அந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எல்லாரும் ‘எமர்ஜென்சி கதவுப் பக்கம் கேளுங்க, கால் நீட்டலாம்’ என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அது சரிவராது. ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து மற்றவர்கள் வெளியேற உதவக்கூடியவருக்குத்தான் அந்த வரிசை. முட்டி மடக்க முடியாதவர், கர்ப்பிணி, குழந்தையோடு வருபவர், பெல்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் கேட்பவர் யாரையும் அங்கே உட்கார விடமாட்டார்கள். காசு கட்டி புக் செய்திருந்தாலும் விமானத்தில் ஏறியபின் மாற்றிவிடுவார்கள். அந்த வரிசைக்கு நேர் முன் சீட்டையும் தவிர்த்துவிடுங்கள். வெளியேறும் வழியை அடைக்கக்கூடாது என்பதற்காக அது பெரும்பாலும் பின்னால் சாயாது.

முதல் வரிசை? முன்னால் யாரும் சாய மாட்டார்கள், எழுந்து நிற்கவும் சுலபம். ஆனால் எதிரே சுவர். கால் விரலை முன் சீட்டுக்கு அடியில் நுழைக்க முடியாது. சாப்பாட்டு ட்ரே கைப்பிடிக்குள் மடங்கி இருப்பதால் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. கைப்பையையும் மேலேதான் வைக்கச் சொல்வார்கள். சுவருக்கு முன் நிஜமாகவே நல்ல இடைவெளி இருக்கிறதா என்று சீட் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

என் கணிப்பில் உங்களுக்குச் சரியானது நடைபாதை ஓரம், அதிலும் ‘சி’ சீட். திருச்சியிலிருந்து போகும் விமானங்களில் பெரும்பாலானவை ஏ320, 737 மாதிரி ஒற்றை நடைபாதை, பக்கத்துக்கு மூன்று சீட் உள்ளவை. முன்னோக்கி உட்கார்ந்தால் ‘சி’ சீட்டுக்கு வலப்பக்கம் நடைபாதை, ‘டி’ சீட்டுக்கு இடப்பக்கம். வலி வலது முட்டியில் என்பதால் ‘சி’. சாப்பாட்டு வண்டி வராத நேரத்தில் அந்தக் காலை நடைபாதையில் நீட்டலாம். மடங்கியே இருக்கும் முட்டியில்தான் சில்லின் அழுத்தம் அதிகம். கொஞ்சம் நீட்டினாலே குறையும். நடைபாதைப் பக்கக் கைப்பிடியின் அடியில், கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பல சீட்டுகளில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் கைப்பிடி மேலே எழும்பும். கிடைக்கவில்லை என்றால் பணிப்பெண்ணைக் கேளுங்கள். டேக் ஆஃப், லேண்டிங் நேரத்தில் அதைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது பை. நம்மூர் ஆட்கள் ஏழு கிலோவுக்கு ஒரு கிராம் குறையாமல் காபித் தூள், முறுக்கு டப்பா, வடகம் என்று திணித்து, மேலே இடமில்லாமல் காலடியில் வைத்துக்கொள்வார்கள். கடைசியில் முறுக்குக்குத்தான் கால் நீட்ட இடம் கிடைக்கும். அதையெல்லாம் செக்-இன் பெட்டியில் போடுங்கள். மாத்திரை, கண்ணாடி, போன் மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில் இருக்கட்டும். முன் சீட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகாதீர்கள், அது சரியாக முட்டி படும் உயரத்தில்தான் புடைக்கும். வீல்சேர் வேண்டுமென்றால் புக்கிங்கிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமாக முதலில் ஏற்றுவார்கள், மேலே பை வைக்க இடமும் இருக்கும்.

ஒரு ஈரிழைத் துண்டு போதும், கழுத்துத் தலையணையைவிட உபயோகம் அதிகம். நாலு இஞ்ச் கனத்துக்குச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்தால் உடம்பு முன்னே சறுக்காது. சறுக்கினால்தான் முட்டி போய் இடிக்கும். கால் தரையில் எட்டாத அம்மாக்களுக்கு இதற்கு நேரெதிர்ப் பிரச்சினை: சீட் விளிம்பு தொடையை அமுக்கி மரத்துப்போகும். அவர்களுக்கு மட்டும் அந்தத் துணிப்பையைப் பாதத்துக்கு அடியில் வையுங்கள்.

முன்னால் இருப்பவர் சாய்த்தால் சண்டை வேண்டாம். ‘தம்பி, சாப்பிடுற வரைக்கும் கொஞ்சம் நிமித்திக்கிறீங்களா, பெரியவருக்கு முட்டி வலி’ என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. விமானம் சுமார் நாலு மணி நேரம்தான். ஆனால் கும்பகோணத்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம், ஏர்போர்ட்டில் மூன்று மணி நேரம், எல்லாம் சேர்த்தால் ஒன்பதைத் தாண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் பயணத்தில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. கார், பஸ், ரயிலுக்கும் அது பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரத்தில் ஒருவர் அளவுதான், பயம் வேண்டாம். வல்லத்திலோ செங்கிப்பட்டியிலோ காரை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். விமானத்தில் அரை மணிக்கு ஒரு முறை, குதிகாலை ஊன்றி விரலைத் தூக்கி, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, இருபது தடவை. ஒரு மணிக்கு ஒரு முறை கழிவறை வரை நடை. இறுக்கமான முட்டி உறையைப் (நீ கேப்) போட்டுக்கொண்டே தூங்கவிடாதீர்கள். தூக்க மாத்திரையும் வேண்டாம். காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் நல்லதுதான், ஆனால் சுகரில் பாத உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் அதுவே புண்ணாக்கும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இறங்கியதும் இரண்டு பாதமும் லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். ஊருக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட இந்த ரத்த உறைவு வரலாம்.