மட்டிக்குப் பாட்டில் தீனி வேண்டாம், சுண்ணாம்புத் தெளிநீர் போதும்

கேள்வி: மாடியில் கப்பி, மோலி வளர்த்து விற்கிறேன். ஆசைக்கு 200 லிட்டரில் ஒரு கடல்நீர்த் தொட்டியும் உண்டு. அதில் 10 செ.மீ. அளவில் ஒரு மேக்சிமா கிளாம், ராட்சத மட்டி வகை, எட்டு மாதமாக இருக்கிறது. வந்த புதிதில் நீல உதடு ஓட்டுக்கு வெளியே நன்றாக விரியும். இப்போது ஓரம் சுருங்கி, நடுவில் உள்ள துளை ‘ஆ’வென்று திறந்தே கிடக்கிறது. வாரம் இரண்டு முறை பச்சைப் பாசி பாட்டில் ஊற்றுகிறேன். கடைக்காரர் அளவை இரட்டிப்பாக்கச் சொல்கிறார், அவித்த முட்டை மஞ்சள் கருவையும் கரைத்து விடலாம் என்கிறார். வெயிலுக்கு ஃபேன் ஓடுகிறது. குறைகிற தண்ணீருக்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் விடுகிறேன். எதை, எவ்வளவு கொடுப்பது? நல்ல புத்தகம் எது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முட்டையை நீங்கள் சாப்பிடுங்கள் தம்பி. தொட்டிக்குள் போனால் அது அழுகும், அவ்வளவுதான்.

பாட்டிலையும் நிறுத்துங்கள். பாசித் திரவம் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டிய சரக்கு. சித்திரை வெயிலில் ஆம்னி பஸ் டிக்கியில் பார்சலாக வந்து, கடை அலமாரியில் ஒரு மாதம் நின்றது உங்கள் கைக்கு வரும்போது பச்சை நிறம் மட்டும்தான் மிச்சம். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் தொட்டியில் ஊற்றாதீர்கள். அளவைக் கூட்டச் சொல்வது கடைக்காரருக்கு அடுத்த பாட்டில் விற்க ஒரு வழி.

உங்கள் மட்டியின் உதட்டுச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைப்பதை மட்டி சாப்பிடுகிறது. வடிகட்டியும் தின்னும், இல்லையென்று சொல்லவில்லை. ராட்சத மட்டிகளிலேயே பெரிய ஜைகாஸ் இனத்தில் செய்த ஆய்வில், பொடிக்குஞ்சுகளுக்குத் தேவையான கார்பனில் மூன்றில் இரண்டு பங்கு வடிகட்டிய இரையிலிருந்து கிடைத்தது, வளர்ந்தவற்றுக்கு அப்படிக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்று கண்டார்கள். 5 செ.மீ.க்குக் கீழே உள்ள குஞ்சு என்றால் நல்ல உயிர்ப்பாசி கொடுக்கச் சொல்வேன். உங்களுடையது 10 செ.மீ. மீனுக்கு ஒழுங்காகத் தீனி போடுங்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் மட்டி நீரிலிருந்தே இழுத்துக்கொள்ளும். நைட்ரேட் பூஜ்யம் என்று பெருமைப்படுகிற தொட்டியில் மட்டி பட்டினி கிடக்கும்.

சரி, கடிதத்தில் தீனியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நீரின் காரத்தன்மை என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. வளர்கிற மட்டி ஓடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் தினமும் உறிஞ்சும். எட்டு மாதமாக அது எடுத்ததை நீங்கள் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), இந்த இரண்டையும் இன்றைக்கே அளந்து பாருங்கள். உதட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓட்டின் விளிம்பைக் கவனியுங்கள். பளிச்சென்று வெள்ளையாகப் புது ஓடு தெரிந்தால் வளர்கிறது. அழுக்கேறி மங்கிக் கிடந்தால் வளர்ச்சி நின்று நாளாகிவிட்டது.

இதற்குக் கடையில் ‘கால்சியம் பூஸ்டர்’ என்று இரண்டு பாட்டில் தருவார்கள். வாங்க வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீர் போதும். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது, கேட்பவர்கள்தான் குறைவு. ஆய்வகத் தரத்திலோ உணவுத் தரத்திலோ கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். வெற்றிலைக்குத் தடவுகிற டப்பாவையும் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பையும் தொடாதீர்கள், அதில் கூட என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒன்றரை கிராம். கலக்கி, மூடி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஆடை கட்டும், அடியில் மண்டி தங்கும். இரண்டும் வேண்டாம், நடுவில் உள்ள தெளிவு மட்டும் வேண்டும். மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கிடைக்கும், அதை மாட்டி நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விளக்கு அணைந்த பிறகு விடுங்கள். ராத்திரியில் தொட்டியின் பி.எச். தானாக இறங்கும், தெளிநீர் அதைத் தூக்கிப் பிடிக்கும். படுக்கப் போகும்போது திறந்துவிட்டால் விடிவதற்குள் ஒரு லிட்டர் இறங்கிவிடும்.

ஒரு லிட்டர் தெளிநீர் உங்கள் 200 லிட்டரில் அரை டி.கே.எச்.க்குச் சற்று மேலும், கால்சியம் 4 பிபிஎம் அளவும் சேர்க்கும். நம் ஊர் வெயிலில் ஃபேன் போட்டால் தண்ணீர் மளமளவென்று குறையும். எல்லோரும் அதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது வசதி. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத்தான் தெளிநீர் விட முடியும், உப்பளவும் மாறாது. முதல் வாரம் தினம் ஒரு லிட்டர் தெளிநீர், மிச்சக் குறைவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, அதன்படி கூட்டிக் குறையுங்கள். பி.எச். 8.5ஐத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மொத்தமாக ஊற்றுவது, மண்டியோடு ஊற்றுவது, இரண்டும் தொட்டியைக் கொல்லும். உங்கள் கண்ணும் பத்திரம், பி.எச். 12 உள்ள நீர் அது.

காரத்தன்மை இப்போதே 6க்குக் கீழே கிடந்தால் தெளிநீரை மட்டும் நம்பாதீர்கள். சமையல் சோடா 6 கிராம் உங்கள் தொட்டியை ஒரு டி.கே.எச். உயர்த்தும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, சமையல் சோடா வேறு, பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஆற்றுத் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்கு நல்லது. குளோரின் போட்டுக் குழாயில் வருவது கடல் தொட்டிக்கு ஆகாது.

துளை திறந்தே கிடப்பது வெப்பத்தாலும் இருக்கலாம். மதியம் மூன்று மணிக்குத் தெர்மாமீட்டரைப் பாருங்கள், 28க்கு மேல் போகக் கூடாது. தொட்டி மேல் கையை வீசினால் நிழல் பட்டதும் மட்டி சட்டென்று உதட்டை இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் உடம்பு சரியில்லை. மேக்சிமாவுக்கு நல்ல வெளிச்சமும் வேண்டும். தரையில் கிடந்தால், கல்லோடு சேர்த்து வாரத்துக்குக் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். கல்லிலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள், அடியில் பிடிமான நார் சுரக்கும் இடம் கிழிந்தால் பிழைக்காது.

புத்தகம் என்றால் ஜெர்மானியர் டேனியல் நாப் எழுதி 1996ல் ஆங்கிலத்தில் வந்த ராட்சத மட்டி நூல், ஜேம்ஸ் ஃபாதரீயின் 2006 நூல், டெல்பீக்கும் ஸ்ப்ரங்கும் எழுதிய ‘தி ரீஃப் அக்வேரியம்’ முதல் தொகுதி (1994). ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃபாதரீ. மூன்றிலும் விளக்கு அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள், எல்.இ.டி. பரவுவதற்கு முந்தைய பேச்சு. உடலமைப்பும் நோயும்தான் இன்றைக்கும் உதவும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி நூலகத்தில் முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் காசு செலவழியுங்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. மேக்சிமா, ஸ்குவாமோசா மட்டிகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பவளங்களுக்கும் அதுவே. ‘இம்போர்ட் சரக்கு’ என்று வாயால் சொன்னால் போதாது. தாள் கேளுங்கள். இல்லையென்றால் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று வாங்காதீர்கள். பயந்துபோய் மணப்பாடு பக்கம் கடலில் கொண்டுபோய் விட்டுவிடவும் வேண்டாம், தொட்டி நோயைக் கடலுக்குக் கொடுத்ததாகும். உயிர் கையில் இருக்கிறவரை பட்டினி போட முடியாது என்பதால்தான் மேலே இவ்வளவும் எழுதினேன்.

இன்று ராத்திரி விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஓட்டின் அடியையும் விளிம்பையும் பாருங்கள். அரிசிமணி அளவில் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் அவை மட்டியின் சாற்றை உறிஞ்சுபவை. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நத்தை முட்டை மிஞ்சியிருக்கும்.