சென்னை – மதுரை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

இந்தப் பாதையில் இருபது வருடமாகப் போய் வருகிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்தது.

கேள்வி: அண்ணா, விமானத்தில் 420 கி.மீ., சாலையில் 460 கி.மீ. என்கிறார்கள். இவ்வளவுதான் வித்தியாசமா?

ஆமாம் தம்பி, சரிதான். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர் என்று சாலை பெரிய வளைவில்லாமல் தென்மேற்காக இறங்குகிறது, நடுவில் சுற்றிப் போகவேண்டிய மலையும் கிடையாது. அதனால் கிலோமீட்டரை விடுங்கள், வாசலுக்கு வாசல் எவ்வளவு நேரம் என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: வீடு அம்பத்தூர், போகவேண்டியது மதுரை புதூர். விமானம் ஒன்றேகால் மணி நேரம்தானே சார்?

அது டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம். அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம், செக்-இன், பாதுகாப்புச் சோதனைக்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் நிற்கவேண்டும், இறங்கியபின் பெட்டிக்கு இருபது நிமிடம், அப்புறம் மதுரை விமான நிலையம் இருப்பது தெற்கே பெருங்குடியில், புதூரோ ஊரின் வடக்கே, அதற்கு முக்கால் மணி நேரம். கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். காரில் எட்டு மணி நேரம், ஆனால் மேலூர் பக்கமிருந்து நுழைவதால் ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி தாண்டியதுமே புதூர் வந்துவிடும். ஆக மிச்சம் மூன்று மணி நேரம்தான். நான்கு பேர் போகிறீர்கள் என்றால் காரையே எடுங்கள்.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்குமா?

காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம் தம்பி. பத்து மணிக்குக் கிளம்பினால் கண் சொருகும் இரண்டு மணி வாக்கில் பெரம்பலூர் பக்கம் இருப்பீர்கள். நேரான நால்வழிச் சாலை, ஒரே சீரான இன்ஜின் சத்தம், ஓரத்தில் பின்விளக்கு எரியாத லாரி ஒன்று நின்றால் போதும். ஒருமுறை அப்படி ஒரு லாரிக்குப் பத்தடி முன்னால் பிரேக் போட்டு நின்றேன், அதிலிருந்து இரவில் ஓட்டுவதே இல்லை. காலை நான்கரைக்குக் கிளம்புங்கள். பரனூர் சுங்கச்சாவடியில் வரிசை இருக்காது, பத்து மணிக்குள் திருச்சியில் கொள்ளிடப் பாலம் ஏறும்போது வலப்பக்கம் மலைக்கோட்டை தெரியும்.

கேள்வி: பொங்கல் சமயத்தில்?

பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் மட்டுமே இரண்டு மணி நேரம் போய்விடும். அரசு பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் ஏறவேண்டும், கோயம்பேடு போய் நிற்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எதில் கூட்டிப்போவது?

ரயில்தான் அம்மாவுக்கு நல்லது. தேஜஸ் ஆறேகால் மணி நேரம், வைகை ஏழேகால் மணி நேரம் வாக்கில். நடுவில் எழுந்து காலை நீட்டி நாலடி நடக்கலாம், கழிவறையும் பக்கத்திலேயே. நடைமேடையில் பேட்டரி கார் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.