ஆறுல ஒண்ணு மேட்ச் ஆனதை விடுங்க, அந்த 1.3-ஐ கவனிங்க

எட்டு மாசம் முன்னாடி மனைவியோட கிட்னியை வெச்சுக்கிட்ட நீங்க, அது ஆறுல ஒண்ணுதான் மேட்ச்னு பயந்து எனக்கு மெயில் போட்டிருக்கீங்க. அதோட கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, "கிரியேட்டினின் மூணு வாரத்துல 1.0-ல இருந்து 1.3 ஆயிருக்கு, ஆனா லேப் ரிப்போர்ட்ல நார்மல்னுதான் இருக்கு"ன்னு. முதல் வரியா வந்திருக்க வேண்டியது அதுதான் சார். கிரியேட்டினின்ங்கறது கிட்னி வடிகட்டி வெளியேத்த வேண்டிய கழிவு, ரத்தத்துல அது ஏறினா கிட்னி சரியா வேலை செய்யலையோன்னு சந்தேகப்படணும். நாளைக்குக் காலையில முதல் வேலையா உங்க டிரான்ஸ்பிளான்ட் டீமுக்கு போன் பண்ணுங்க, அடுத்த மாச அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

லேப்ல போடற நார்மல் ரேஞ்ச் ஊருக்கெல்லாம் பொதுவா போடறது. எட்டு மாசம் முன்னாடி கிட்னி வெச்சுக்கிட்ட உங்களுக்கு நார்மல்னா அது உங்க பழைய நம்பர்தான், அதாவது 1.0. அதுல இருந்து 30 சதவீதம் ஏறியிருக்கு, சிவப்பு மார்க் போடலைங்கறதுக்காக சும்மா விட முடியாது. தண்ணி கம்மியா குடிச்சதா இருக்கலாம், யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், இம்யூனிட்டியை அடக்க நீங்க சாப்பிடற டாக்ரோலிமஸ் மாத்திரையோட லெவல் ரத்தத்துல கூடிப் போயிருக்கலாம், ரிஜெக்ஷனாவும் இருக்கலாம் (உடம்பு புது கிட்னியை அந்நியம்னு நினைச்சு தாக்கறது), டெஸ்ட் பண்ணாம யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சல் இல்ல, கிட்னி வெச்ச இடத்துல வலி இல்ல, யூரின் நல்லா போகுது, அதனால ரிஜெக்ஷன் இல்லன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அது தப்பு. இப்ப இருக்கற மருந்துகளோட ரிஜெக்ஷன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமதான் ஆரம்பிக்குது, உடம்புக்குத் தெரியறதுக்கு முன்னாடி ரத்தத்துல தெரியும்.

சரி, நீங்க உண்மையில பயப்படறது எதுக்குன்னு புரியுது. மனைவி குடுத்த கிட்னி, ஆறுல ஒண்ணுதான் மேட்ச், அவங்க குடுத்தது வீணாயிடுமோன்னு நெட்ல ராத்திரி முழுக்க தேடியிருக்கீங்க. அந்த ஆறு என்னன்னா, எச்.எல்.ஏ-ங்கற அடையாளப் புரதங்கள்ல ஏ, பி, டி.ஆர்-னு மூணு வகை, ஒவ்வொண்ணுலயும் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. இதுக்கான ஜீன்கள் ஆறாவது குரோமோசோம்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால சேர்ந்தேதான் வரும், அதான் கூடப் பிறந்தவங்க நாலுல ஒருத்தர் முழுசா மேட்ச் ஆகறாங்க. புருஷன் பொண்டாட்டிக்கு எவ்வளவு ஒத்துப் போகுதுங்கறது முழுக்க அதிர்ஷ்டம். 1954-ல பாஸ்டன்ல ஜோசப் மர்ரே செஞ்ச முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று ஆபரேஷன் ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு நடுவுல நடந்தது, ஏன்னா அன்னைக்கு ரிஜெக்ஷனை அடக்க உருப்படியான மருந்தே கிடையாது. எண்பதுகள்ல ரிஜெக்ஷனை அடக்கற சைக்ளோஸ்போரின் மருந்து வந்ததும் கதையே மாறிடுச்சு. 1995-ல அமெரிக்க ஆராய்ச்சியாளர் பால் டெராசாகி குழு வெளியிட்ட கணக்குல, வாழ்க்கைத் துணை குடுத்த கிட்னி மூணு வருஷத்துக்கு அப்புறம் 85 சதவீதம் பேருக்கு வேலை செஞ்சுட்டிருந்தது, பெத்தவங்க குடுத்தது 82 சதவீதம். பெத்தவங்க எப்பவும் பாதியாவது மேட்ச், இருந்தும் இப்படி. உங்களுக்கு கிராஸ்மேட்ச் நெகட்டிவ்னு வந்துதான் ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, வெச்ச உடனே கிட்னியைக் கொல்ற ஆன்டிபாடி, அதாவது அந்நியமானதைத் தாக்க உடம்பு உருவாக்கற புரதம், உங்க ரத்தத்துல இருக்கான்னு பாக்கற டெஸ்ட் அது, அந்தக் கண்டம் தாண்டியாச்சு.

ஆனா மேட்ச் கம்மியா இருந்தா உங்க உடம்புக்கு அந்நியமா தெரியற விஷயம் அதிகம், மருந்துல விடற இடைவெளி மத்தவங்களைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாவே உறைக்கும். நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? கை நடுங்குதுன்னு வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி மாத்திரையை விட்டிருக்கீங்க, யாரோ சொன்னாங்கன்னு இம்யூனிட்டி பூஸ்டர் பவுடர் வேற. இம்யூனிட்டியை அடக்கி வெக்கத்தான் தினமும் இத்தனை மாத்திரை குடுக்கறோம், நீங்க காசு குடுத்து அதை எழுப்பி விடற பவுடர் வாங்கறீங்க! அதுல என்ன மூலிகை இருக்குன்னு டப்பாலயே முழுசா போட்டிருக்க மாட்டாங்க, சிலது டாக்ரோலிமஸ் லெவலை சரசரன்னு இறக்கும், சிலது ஏத்தும். இன்னைக்கே நிறுத்துங்க, ஆனா தூக்கிப் போடாம டப்பாவை டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை விட்ட கதையையும் மறைக்காம சொல்லுங்க, திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. மாத்திரை விட்டு விட்டு சாப்பிடறவங்களுக்குத்தான் புதுசா டோனருக்கு, அதாவது கிட்னி குடுத்தவங்களுக்கு, எதிரான ஆன்டிபாடி உருவாகறது அதிகம், அது வந்துட்டா அடக்கறது எங்களுக்கே கஷ்டம்.

கை நடுக்கம், முடி கொட்டறது ரெண்டும் டாக்ரோலிமஸ் பண்ற வேலை, முகம் உப்பறது ஸ்டீராய்டு. எதுவும் ரிஜெக்ஷன் இல்ல. நடுக்கம் ரொம்பத் தொந்தரவா இருந்தா லெவல் பார்த்து டோஸை டாக்டர் குறைப்பாங்க, நீங்க குறைக்காதீங்க.

டாக்ரோலிமஸ் லெவல் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போகும்போது காலை மாத்திரையைக் கையில எடுத்துட்டுப் போங்க, ரத்தம் எடுத்த பிறகு போடுங்க. போட்டுட்டுப் போனா நம்பர் தப்பா கூடுதலா வரும், அதைப் பார்த்து டோஸைக் குறைச்சா வினையாயிடும். நடுவுல காய்ச்சல், தலைவலின்னா கடையில வலி மாத்திரை வாங்காதீங்க, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் இந்த கிட்னிக்கு ஆகாது. கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் வேற டாக்டர் எழுதினாலும் டீம்கிட்ட கேக்காம தொடாதீங்க, டாக்ரோலிமஸ் எகிறிடும்.

பயாப்ஸி சொன்னா ஒத்துக்கோங்க. ஸ்கேன் பார்த்துட்டே மெல்லிய ஊசியால ரெண்டு துணுக்கு எடுப்பாங்க, யூரின்ல கொஞ்சம் ரத்தம் வரலாம், கிட்னி போயிடும்னு நெட்ல போட்டதை நம்பாதீங்க. சீக்கிரம் கண்டுபிடிச்ச ரிஜெக்ஷன் நிறைய பேருக்கு மூணு நாள் ஸ்டீராய்டு ஊசியிலயே அடங்கிடும். லேட்டா வந்தா அந்த வாய்ப்பு குறைஞ்சுட்டே போகும்.

இன்னொண்ணு, இவ்வளவு நீளமா எழுதினதுல மனைவி இப்ப எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி இல்ல. டோனருக்கும் வருஷம் ஒரு தடவை பிரஷர், கிரியேட்டினின், யூரின்ல புரதம் மூணும் பாக்கணும், நீங்க போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.