மிதித்தால் சைக்கிள், முறுக்கினால்?

கேள்வி: என் சைக்கிளில் பேட்டரியும் மோட்டாரும் மாட்டப்போகிறேன். அதற்கப்புறம் அது சைக்கிளா, மோட்டார் வண்டியா?

பதில்: வண்டியின் உருவத்தை விடுங்கள், அதை நகர்த்துவது எது என்று பாருங்கள். சைக்கிள், கைவண்டி, மாட்டுவண்டி எல்லாம் தசை பலத்தில் ஓடுபவை. எஞ்சினோ மின்மோட்டாரோ சக்கரத்தைச் சுழற்றினால் மோட்டார் வண்டி. (சைக்கிளின் முன்னோடியாக 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டியில் பெடல்கூடக் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் போக வேண்டும்.)

உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விதி நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில், மிதிக்கும்போது மட்டும் உதவுகிற, 250 வாட்டுக்கு மிகாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவியை நிறுத்திக்கொண்டால், அதைச் சைக்கிளாகவே நடத்துகிறார்கள். மிதிக்காமல் கைப்பிடியை முறுக்கினாலே பறக்கும் என்றால் கதை வேறு.

சரி, சட்டம் இருக்கட்டும். முதலில் பிரேக்கை மாற்றுங்கள். நானும் ஒருமுறை இப்படி மோட்டார் மாட்டினேன், பழைய ரப்பர் கட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தது, முள்வேலிக்குள் கிடந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.