பாரமான சரக்குக்கு டெலஸ்கோப்பிக் பெட்டி: எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கிழக்குக் கரையோர மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சாறியும் மொத்தமாக விற்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பெருநாள் வியாபாரத்துக்காகச் சில மாதங்களுக்கு முன்பே சரக்கைச் சேர்த்து ஸ்டோரில் ஐந்து அடுக்காக வைக்கிறார், பிறகு அங்கிருந்து லொறியில் கொழும்புக்குப் போகிறது. ஒரு பெட்டி 25 கிலோ வரும். மாரி மழை தொடங்கினால் அடியில் இருக்கும் பெட்டிகள் பக்கவாட்டில் புடைத்து நசுங்குகின்றன, தூக்கும்போது அடியும் பிய்ந்துவிடுகிறது. டெலஸ்கோப்பிக் பெட்டி, அதாவது தனி மூடியை மேலே கவிழ்க்கும் அட்டைப்பெட்டி, எடுக்கச் சொல்கிறார்கள், விலை கூட, அது தேவையா என்பது கேள்வி.

உங்களுக்குத் தேவைதான் சகோதரி. மாதக்கணக்கில் அடுக்கி வைக்கிறீர்கள், நடுவில் திறந்து சரக்கு எடுக்கவும் வேண்டும். வந்த அன்றே ஏற்றி அனுப்புகிறவராக இருந்தால் சாதாரண 5 பிளை (ஐந்து தாள் அடுக்கு) அட்டைப்பெட்டியே போதும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் பெயரை மட்டும் சொல்லி ஓடர் கொடுத்துவிடாதீர்கள், கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

இந்தப் பெட்டிக்கு அடிப்பெட்டி வேறு, மூடி வேறு. மூடி தரைவரை இறங்கினால் நான்கு சுவரும் இரட்டையாகிவிடும். பாதிவரை மட்டும் இறங்கும் மூடியும் உண்டு, விலை குறைவு, ஆனால் அதில் கீழ்ப்பாதி ஒற்றைச் சுவராகவே நிற்கும், நசுங்குவதும் அங்கேதான். நீங்கள் முழு மூடி எடுங்கள்.

அடுத்ததைப் பெட்டி விற்கிறவர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. முழு மூடியிலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஒரே அட்டையைத் தட்டு மாதிரி மடித்து நான்கு மூலையிலும் ஸ்டேப்பிள் அடித்தது. இதன் அடியில் பிரிவே இல்லை, ஆகவே அடி பிரிந்து வராது. ஆனால் அட்டைக்குள் இருக்கும் நெளிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் இரண்டு சுவரில் நெளி நிமிர்ந்து நிற்கும், மற்ற இரண்டிலும் படுத்துக் கிடக்கும். பாரத்தைத் தாங்குவது நிமிர்ந்த நெளிதான், படுத்த நெளி அமுங்கிப்போகும். மற்ற வகை, சாதாரணப் பெட்டியைப் போல ஆனால் ஒரு பக்கம் மட்டும் மடிப்புகள் வைத்து இரண்டு செய்து, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ப்பது. இதில் நான்கு சுவரிலும் நெளி நிமிர்ந்தே இருக்கும், ஆனால் அடியில் மடிப்புகள் சந்திக்கும் இடத்தை நீங்கள்தான் ஒட்ட வேண்டும்.

அடுக்குவதுதான் உங்கள் பெரிய பிரச்சினை என்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அடிப்பக்கத்துக்கு அகலமான டேப்பை நடுவிலும் இரண்டு ஓரத்திலும் ஒட்டி, உள்ளே அடியின் அளவுக்கே வெட்டிய ஓர் அட்டையைப் போடுங்கள், பிய்வது நின்றுவிடும். தட்டு வகைதான் கிடைக்கிறது என்றால், மூடியின் நெளி அடிப்பெட்டியின் நெளிக்குக் குறுக்காக ஓடும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சுவராவது நிமிர்ந்த நெளியோடு நிற்கும்.

சரி, எவ்வளவு பலம் வேண்டும்? கடைகளில் ஜிஎஸ்எம் சொல்வார்கள். அது தாளின் எடை, பெட்டி எவ்வளவு தாங்கும் என்பது அதில் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டியது அழுத்தம் தாங்கும் அளவு, கிலோவில். ஐந்து அடுக்கென்றால் ஆகக் கீழே இருக்கும் பெட்டியின் மேல் நான்கு பெட்டி, 100 கிலோ. ஆனால் 100 கிலோ தாங்கும் பெட்டி போதாது, ஏனென்றால் அந்த அளவு உலர்ந்த அறையில் சில நிமிடங்கள் அழுத்திப் பார்த்து எடுப்பது. காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தொட்டால் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், மூன்று மாதம் பாரத்தோடு நின்றால் இன்னும் கிட்டத்தட்ட 45 சதவீதம் போகும். எங்கள் கரையோரத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே 400 கிலோவாவது கேளுங்கள், 5 பிளையில் அது கிடைக்கும். முடிந்தால் ஒரு பெட்டியை 20 கிலோவோடு நிறுத்துங்கள். கொழும்பு புறக்கோட்டையில் அதை இறக்கும் நாட்டாமைமாரின் (சுமை தூக்குகிறவர்களின்) முதுகுக்கும் அது நல்லது.

அடுக்கும் முறையைப் பெட்டி வாங்குவதற்கு முன்பே மாற்றலாம், செலவில்லை. செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்குவது பார்வைக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் அதில் பலம் பாதிவரை குறைந்துவிடுகிறது. பெட்டியின் பலத்தில் பெரும்பங்கு நான்கு மூலையில்தான் இருக்கிறது, மூலைக்கு மேல் மூலை நேராக வர வேண்டும். தரையில் நேரே வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். பெட்டியின் மூலை பலகைக்கு வெளியே தொங்கக் கூடாது, பலகைகளுக்கு இடையில் பெரிய இடைவெளியும் வேண்டாம்.

அளவு கொடுக்கும்போது கவனம். 5 பிளை அட்டை சுமார் 7 மில்லிமீட்டர் தடிப்பு. அடிப்பெட்டியின் உள்ளளவு 45 சென்டிமீட்டர் என்றால் வெளியளவு 46.4, மூடியின் உள்ளளவு 47க்கு அருகில் இருக்க வேண்டும். இறுக்கமாக எடுத்தால் ஈரத்தில் உப்பிய பிறகு மூடி கழலாது. துணியை விளிம்புக்கு மேலே திணிக்கவும் வேண்டாம். மூடி தூக்கி நின்றால் பாரம் சுவருக்குப் போகாமல் துணியில் இறங்கும், சாறி மடிப்பு அப்படியே பதிந்துவிடும்.

பொலித்தீனைப் பெட்டிக்கு உள்ளே, சரக்கைச் சுற்றிப் போடுங்கள், துணி நன்றாக உலர்ந்த பிறகு மட்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். லொறியில் ஏற்றும்போது நீளத்திலும் அகலத்திலும் பிளாஸ்டிக் பட்டி கட்டாயம் போட வேண்டும். மூடியைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், பட்டி இல்லையென்றால் மூடி கையோடு வரும், அடிப்பெட்டி காலில் விழும். கைப்பிடித் துளை வேண்டாம், அது சுவரின் பலத்தைக் குறைக்கிறது.

மொத்த ஓடருக்கு முன் இரண்டு பெட்டி மட்டும் வாங்கி, சரக்கு நிரப்பி, உங்கள் ஸ்டோரிலேயே ஒவ்வொன்றின் மேலும் 100 கிலோ ஏற்றி ஒரு வாரம் வையுங்கள், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. மூலைகளில் மடிப்பு விழுந்தாலோ சுவர் வெளியே புடைத்தாலோ அந்த அட்டையை விட்டுவிட்டு அடுத்த தரத்தைக் கேளுங்கள்.