வெயில் வந்தால் ட்ரம்பெட் ஸ்டாப் மட்டும் சுருதி சேரவில்லை

உங்கள் பைப் ஆர்கனின் ட்ரம்பெட் ஸ்டாப், அதாவது ட்ரம்பெட் போல ஒலிக்கும் குழல் வரிசை, கெடவில்லை. டிசம்பரில் சேர்ந்திருந்தது மே மாதம் இறங்கிவிட்டது என்கிறீர்கள். உண்மையில் மற்ற குழல்கள்தான் ஏறிவிட்டன. சூட்டில் காற்றில் ஒலி வேகமாகப் போகும். அதனால் நாக்கில்லாத பிரின்சிபல், புளூட் குழல்கள் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். ட்ரம்பெட்டில் சுருதி பெரும்பாலும் குழலடியில் அதிரும் பித்தளை நாக்கின் கையில், அது அவ்வளவாக அசையாது.

விடியற்காலையிலும் மதியத்திலும் பிரின்சிபலில் ஒரே கட்டையை அழுத்தி, போன் ட்யூனரில் பாருங்கள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கு 15 சென்ட் பக்கம் வந்தால் இதுதான் காரணம்.

பண்டிகை ஆராதனைக்கு அவசரமென்றால் ட்ரம்பெட்டில் நாக்கை அழுத்திப் பிடிக்கும் சுருதிக் கம்பியைக் கீழே மெல்லத் தட்டி ஏற்றலாம். மற்ற குழல்களில் கை வைக்க வேண்டாம்; மழை வந்ததும் தானாக இறங்கும்.

ஒன்றிரண்டு கட்டை மட்டும் பிசகினால் விஷயம் வேறு: நாக்கடியில் தூசியோ செத்த பூச்சியோ இருக்கும். நீங்களே நோண்டாதீர்கள், நாக்கின் வளைவு போனால் குரலும் போச்சு.